1977 அம்பாசிடரில் ஏசி கம்ப்ரசர்: உடைந்த பிராக்கெட்டும் மறுபடி செய்த வேலையும்

பாடாலூரைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். பானட்டுக்குள்ளிருந்து யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி நாலைந்து அடி, உடனே ஒரு பெரிய சத்தம், அதன்பின் 'புஸ்' என்று நீளமாகக் காற்று இறங்கும் ஓசை. ஓரம் கட்டி பானட்டைத் தூக்கினால் ஏசி கம்ப்ரசர் (ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப்) தன் இரண்டு ஹோஸ்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பிராக்கெட் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, கம்ப்ரசரில் போல்ட் போட நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியக் காது ஒன்றைக் காணோம், பெல்ட்டையும் காணோம், கேஸ் சுத்தமாகக் காலி. ஏப்ரல் மாத மதியம். அப்பா பின்சீட்டை விட்டு இறங்கவே இல்லை. "கண்ணாடிய இறக்கிவிட்டுட்டுப் போலாம் வா, நாப்பது வருசமா அப்படித்தானே போனோம்" என்றார்.

ஃபேன் பெல்ட் தனி, ஏசி பெல்ட் தனி என்பதால் அன்றைக்குத் தப்பித்தோம். திரும்பித் திருச்சி வரை வண்டி சமர்த்தாக ஓடியது. ஏசி போட்டு முடித்து அப்போது 900 கிலோமீட்டர்கூட ஆகியிருக்கவில்லை.

அது ஏன் உடைந்தது, மறுபடி எப்படிச் செய்தேன் என்பதை முழுசாக எழுதுகிறேன். பழைய வண்டிக்கு ஏசி என்றால் எல்லோரும் டேஷுக்குக் கீழே எந்த யூனிட் வைக்கலாம், எவ்வளவு குளிரும் என்றுதான் கேட்கிறார்கள். கம்ப்ரசரை எதில் பிடித்து உட்கார வைக்கப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் வண்டி. மார்க் 3, அப்பா வாங்கியது, ஸ்டியரிங் கியர், வெள்ளை நிறம். இன்ஜின் 1489 சிசி பிஎம்சி பி சீரிஸ் பெட்ரோல், 73 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக். ஏறக்குறைய 50 குதிரைத்திறன், அதுவும் 4200 ஆர்பிஎம்மில். அதாவது இது மெதுவாகச் சுற்றி, கீழேயே இழுக்கிற நீள ஸ்ட்ரோக் இன்ஜின். பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். இந்த வண்டியை வடிவமைத்தபோது ஏசி யார் மனதிலும் இல்லை, அதனால் கிராங்க் புல்லியில் ஒரே ஒரு பள்ளம்தான், அது ஃபேனையும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் ஓட்டுவதற்கே சரியாகப் போகும். பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் அம்பாசிடர்களில் கம்பெனி ஏசி வந்தது, ஆனால் அது வேறு இன்ஜின், அந்தப் பிராக்கெட் இதில் உட்காராது.

எனக்குக் கிடைத்தது சாண்டன் எஸ்டி 508 வகைக் கம்ப்ரசர். ஐந்து சிலிண்டர், ஒரு சுற்றுக்கு 138 சிசி, இரண்டு வி பள்ளம் உள்ள 132 மி.மீ. கிளட்ச் புல்லி (கரன்ட் கொடுத்தால்தான் இந்தக் கிளட்ச் கம்ப்ரசரைப் பிடித்துச் சுற்றும்). பழைய வண்டிக்கு ஏசி போடுகிறவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் தேடுகிறார்கள், காரணம் ரொம்பச் சாதாரணமானது: காதுகள் இருபுறமும் நேராக நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு நீள போல்ட்டை ஊடே விட்டுப் பிடித்துவிடலாம். ஐந்து பிஸ்டன் என்பதால் சுழற்சி சீராக இருக்கும். அந்தக் காலத்தில் வந்த இரண்டு பிஸ்டன் யார்க் கம்ப்ரசரைச் சின்ன இன்ஜினில் மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐடிலிங்கில் கண்ணாடியே நடுங்கும்.

ஏசி வேலையை ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்கள், குளிரும் நன்றாகவே இருந்தது, அதனால் நான் பானட்டுக்குள் தலையை விட்டு எதையும் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

உடைந்ததை மேஜையில் வைத்துப் பார்த்தபோது

பிளந்த பிராக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து டீசலில் கழுவி, பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். உடைந்த முகம் இரண்டு நிறத்தில் இருந்தது. முக்கால் பங்கு மங்கலாக, லேசாகத் துரு ஏறி, சிப்பி ஓட்டில் இருப்பதுபோல் வளைவு வளைவாகக் கோடுகள். மீதி கால் பங்கு புதுசாக, மினுமினுவென்று. இதற்கு அர்த்தம் ஒன்றுதான்: அது பாடாலூரில் உடையவில்லை. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி, கடைசியில் மிச்சமிருந்த கால் பங்கு தாங்காமல் பாடாலூரில் விட்டது. கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் எல்லாம் ஒரு வெல்டிங் ஓரத்தில் போய் முடிந்தன. அங்கேதான் ஆரம்பம்.

ஆனால் வெல்டிங் மோசம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. மோசமான வெல்டிங்கும் ஆட்டம் இல்லாமல் விரிவதில்லை. அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது?

கடைக்காரர் செய்திருந்தது இது. 5 மி.மீ. ஆங்கிள் இரும்பில் ஒரு தட்டு, அது இன்ஜினின் முன்பக்கப் பிளேட்டில் இரண்டு போல்ட்டில். மேலே கம்ப்ரசர் ஆடாமல் இருக்க ஒரு கம்பி ஸ்டே, அதன் மறுமுனை மட்கார்டின் உள்பக்கத் தகட்டில், அதாவது பாடியில். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும், கையால் அசைத்தால் அசையாது. கோளாறு என்னவென்றால் இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடி அப்படி இல்லை. ஒரு கால் தோணியிலும் ஒரு கால் கரையிலும் வைத்து நிற்கிறவனின் கதிதான் அந்தக் கம்ப்ரசருக்கு.

எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க ஒரு சின்ன வேலை செய்தேன். ராக்கர் கவரில் ஒரு பென்சிலைக் கட்டினேன், மட்கார்டு தகட்டில் ஒரு அட்டையை ஒட்டினேன், பென்சில் முனை அட்டையைத் தொடுகிற மாதிரி. தம்பியை உட்கார வைத்து ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொன்னேன், அப்புறம் ரிவர்ஸில். அட்டையில் விழுந்த கோட்டின் நீளம் 11 மி.மீ. ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும், ஒவ்வொரு வேகத்தடையிலும், கம்ப்ரசரின் கீழ்ப்பாதி இன்ஜினோடு போக, மேல்பாதி பாடியோடு நிற்க, நடுவில் இருந்த ஆங்கிள் இரும்பு கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிற மாதிரி வளைந்துகொண்டே இருந்திருக்கிறது. பெல்ட் டென்ஷனும் அதே கணக்கில் ஏறி இறங்கியிருக்கும்.

இரண்டாவது குற்றவாளி புல்லி. கிராங்க் புல்லியின் முகத்தில் இன்னொரு புல்லியை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் 0.8 மி.மீ. ஓட்டம், அதாவது சுற்றும்போது புல்லி அவ்வளவு கோணலாக ஆடுகிறது. வெல்டிங் சூட்டில் புல்லி இழுத்துக்கொண்டது, மையமும் சரியாக வைக்கப்படவில்லை. அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ட் ஒரு முறை இறுகி ஒரு முறை தளர்ந்திருக்கிறது. மூன்று மெயின் பேரிங் கிராங்கின் மூக்கில் இதை யாரும் மாட்டக் கூடாது.

மூன்றாவது, கிராங்க் பள்ளமும் கம்ப்ரசர் பள்ளமும் நேர்கோட்டில் இல்லை, 4 மி.மீ. விலகல். பானட்டின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பொடி அப்பியிருந்ததை நான் ரோட்டுத் தூசி என்று நினைத்திருந்தேன், அது தேய்ந்த பெல்ட்.

நாலாவது ஒன்றும் உண்டு, அதைக் கழற்றும்போதுதான் கண்டுபிடித்தேன், கோபமும் வந்தது. பிஎம்சி இன்ஜின்களில் போல்ட் எல்லாம் யுஎன்எஃப் மரை, அதாவது அங்குல அளவில் வரும் நெருக்கமான மரை. 5/16 அங்குல யுஎன்எஃப் ஓட்டையின் விட்டம் 7.94 மி.மீ., நம் கடைகளில் கிடைக்கும் 8 மி.மீ. மெட்ரிக் போல்ட் கிட்டத்தட்ட அதே பருமன். கிட்டத்தட்டதான். மரையின் இடைவெளி ஒன்றில் 1.06, மற்றதில் 1.25. முதல் இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும், இறுகியதைப் 'பிடித்துவிட்டது' என்று எண்ணி ஸ்பேனரைப் போட்டு இன்னும் திருகினால் பழைய மரை செத்துவிடும். என் வண்டியில் செத்திருந்தது. 46 வருடம் பிழைத்த மரை.

மறுபடி

உடைந்த காதை வெல்டிங் செய்து ஒட்டலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். வேண்டாம் என்று வேறு கம்ப்ரசர் தேடி எடுத்தேன். 230 பிஎஸ்ஐ அழுத்தம் ஓடுகிற அலுமினிய உடலில் வெல்டிங் சூட்டை வைக்க எனக்குத் தைரியமில்லை. இந்த முறை எடுத்தது அதே அளவு, அதே காது, ஆர் 134ஏ கேஸுக்கென்றே வந்த எஸ்டி 5எச்14.

லேத் வேலைக்குத் துவாக்குடி போனேன். அங்கே பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் வரிசையாக உண்டு, அதில் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அவர் உடைந்த முகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "தம்பி, கம்ப்ரசர யாரோட கட்டுனீங்க, இஞ்சினோடயா பாடியோடயா?" என்றார். பென்சில், அட்டை எதுவும் இல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டோடயும்ணே" என்றேன். சிரித்துவிட்டு டீ சொன்னார்.

புல்லியிலிருந்து தொடங்கினோம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். கம்ப்ரசர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு குளிர். நவீன இன்ஜின் 6000 ஆர்பிஎம் போகும், அதனால் கம்ப்ரசரைப் பாதுகாக்க புல்லியைச் சின்னதாக வைக்க வேண்டும். நம் கிழவன் 4200க்கு மேல் போவதே இல்லை. ஆகவே கிராங்க் பக்கம் பெரிய புல்லி வைக்கலாம். 165 மி.மீ. என்று முடிவு செய்தோம். 165ஐ 132ஆல் வகுத்தால் 1.25. ஐடிலிங் 850 என்றால் கம்ப்ரசர் 1060 சுற்றும், நெடுஞ்சாலையில் இன்ஜின் 3000 ஓடும்போது 3750. உச்சத்தில் 4200க்கு 5250, அதையும் இந்தக் கம்ப்ரசர் தாங்கும். முன்பு இருந்த புல்லியோடு ஒப்பிட்டால் டிராஃபிக்கில் நிற்கும்போது வித்தியாசம் முகத்திலேயே தெரிகிறது.

புல்லியை வெல்டிங் செய்யவில்லை. புதிய கிராங்க் புல்லி ஒன்று வாங்கி அதன் முகத்தைச் சமமாகக் கடைந்து, ஒரு மெல்லிய மேடு விட்டு, அந்த மேட்டின் மேல் புதுப் புல்லி இறுக்கமாக உட்காருகிற மாதிரி உள்வட்டம் கடைந்து, நாலு 8.8 தர போல்ட் போட்டோம். மையத்தைப் பிடிப்பது அந்த மேடு, போல்ட் வெறுமனே இறுக்கத்தான். இரண்டையும் சேர்த்து மாட்டிய பிறகு கடைசியாகப் பள்ளத்தை ஒரு முறை கடைந்தார். ஓட்டம் 0.04 மி.மீ. நடுவில் ஓட்டையைப் பெரிதாக விடச் சொன்னேன், ஏனென்றால் கிராங்க் நட்டின் பல் வெளியே தெரிய வேண்டும், ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட வேண்டும். இது அப்பாவின் ஒரே நிபந்தனை. ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹேண்டில் போட்டு வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்றார்.

அடுத்தது பிராக்கெட். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், இடது பக்கம். வலது பக்கம் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ என்று நெரிசல். ஆக, கம்ப்ரசருக்கு மிச்சம் இருப்பது இடது முன்மூலை, மேனிஃபோல்டுக்கு முன்னால் தாழ்வாக. சூடான இடம்தான், வேறு வழி இல்லை, நடுவில் ஒரு தகடு தடுப்பு வைத்தேன். பிளாக்கின் அந்தப் பக்கத்தில் டேப்பட் கவர்கள் இருப்பதால் போல்ட் போட வாகான இடம் கிடையாது. கீழ்ப்பிடிக்கு இன்ஜின் முன்பிளேட்டில், ரப்பர் மவுண்ட்டுக்கு இன்ஜின் பக்கம் இருக்கிற போல்ட்டுகளையே நீளமாகப் போட்டுப் பயன்படுத்தினோம். ஆனால் முன்பிளேட் வெறும் தகடு, அதை மட்டும் நம்பினால் அதுவே விசிறி மாதிரி ஆடும். மேல்பிடிக்கு ஹெட்டின் முன்னால் தெர்மோஸ்டாட் கூட்டைப் பிடிக்கிற மூன்று ஸ்டட்டில் இரண்டு. இந்த ஸ்டட்டுகள் பழைய இன்ஜினில் துருவேறி இறுகியிருக்கும், அவசரப்பட்டால் முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். இரண்டு நாள் துரு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, அப்புறம்தான் தொட்டேன். எல்லாம் யுஎன்எஃப், கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தது. மேலும் கீழும் இரண்டு பிடியுமே இன்ஜினில். பாடியை எதுவும் தொடவில்லை.

10 மி.மீ. தட்டு, குறுக்கே 8 மி.மீ. முக்கோணத் தாங்கிகள், பெட்டி மாதிரி. கனமாகத்தான் இருக்கிறது. "இவ்ளோ எதுக்கு, நாப்பது கிலோ தாங்குமே" என்றார் பட்டறை அண்ணன். பாரம் தாங்குவது பிரச்சினையே இல்லை, கம்ப்ரசரே ஏழு கிலோ சொச்சம்தான். விறைப்புதான் வேண்டும். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை மேலும் கீழுமாக உதறும். 4200 ஆர்பிஎம்மில் நொடிக்கு 70 சுற்று, ஆக 140 உதறல். பிராக்கெட்டும் கம்ப்ரசரும் சேர்ந்து இயல்பாக அதிர்கிற எண் இந்த 140க்குக் கீழே எங்கேயாவது விழுந்தால், இன்ஜின் அந்த வேகத்துக்கு வரும்போதெல்லாம் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி அதிர்வு கூடிக்கொண்டே போகும். இதைச் சோதிக்க பெரிய கருவி வேண்டியதில்லை. கம்ப்ரசரை ரப்பர் சுத்தியால் தட்டி, செல்போனை அதில் ஒட்டவைத்து, ஒலி அலைவரிசையைக் காட்டும் இலவசச் செயலியில் பார்த்தேன். பழைய பிராக்கெட்டைத் தற்காலிகமாக ஒட்டவைத்து முன்பே தட்டிப் பார்த்திருந்தேன், சுமார் 70 காட்டியது. 70 என்றால் இன்ஜினில் 2100 ஆர்பிஎம். டாப் கியரில் ஐம்பதைத் தாண்டும்போது கால்மிதிக்குக் கீழே ஒரு நடுக்கம் வரும், டயர் பேலன்ஸ் என்று இரண்டு முறை காசு கொடுத்திருக்கிறேன். புது பிராக்கெட் 170க்கு மேல் காட்டியது. துல்லியமான அளவு என்று சொல்லமாட்டேன், ஆனால் 70க்கும் 170க்கும் உள்ள தூரம் செல்போன் தப்பாகக் காட்டுகிற தூரம் இல்லை.

பெல்ட் நீளம்: இரண்டு மையங்களுக்கும் இடையே 290 மி.மீ. அதை இரட்டித்தால் 580, இரு விட்டங்களின் கூட்டல் 297ஐ 1.57ஆல் பெருக்கினால் 466, இரண்டும் சேர்ந்து 1046. விட்டங்கள் வேறுபடுவதால் இன்னும் ஒரு மி.மீ. வரும், விட்டுவிடலாம். 13 மி.மீ. அகலத்தில் 1050 நீளம் வாங்கினேன், இறுக்க இடம் போதுமான அளவு இருக்கிறது. கம்ப்ரசரை, ஹோஸ் மாட்டும் வாய்கள் மேலே பார்க்கிற மாதிரி வைத்தோம். பக்கவாட்டில் படுக்கிற அளவுக்குச் சாய்க்கலாம், தலைகீழாக மட்டும் கூடாது, எண்ணெய் போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

கரன்ட்

இது பிராக்கெட்டைவிட மோசமாக என்னை ஏமாற்றிய விஷயம். வண்டியில் இருந்தது 22 ஆம்பியர் டைனமோ. அதுவும் ஓடும்போது. ஐடிலிங்கில் டைனமோ ஒன்றும் தராது, விளக்கு மங்கும். இப்போது ஆம்பியர் கணக்கைப் பாருங்கள்: கண்டன்சருக்கு (கேஸின் சூட்டை வெளியே விடும் வலை) ஃபேன் 8, உள்ளே புளோயர் முழு வேகத்தில் 12, கம்ப்ரசர் கிளட்ச் காயில் 4. 24 ஆயிற்று. ராத்திரி ஹெட்லைட் 9 அல்லது 10. இக்னிஷன், பின்விளக்கு, வைப்பர் சேர்த்தால் 40. முதல் முறை ஏசி போட்ட கடையில் இதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம் பேட்டரி இறங்கியபோது பேட்டரி பழசு என்றார்கள். மாற்றினேன், அதுவும் இறங்கியது.

65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டேன், ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற வகை. பழைய கன்ட்ரோல் பாக்ஸ் அழகுக்கு அப்படியே இருக்கிறது, உள்ளே ஒயர் மட்டும் நேராகப் போகிறது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த கேபிள், ஏசிக்கென்று தனி ரிலேக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ப்யூஸ். பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாக 24 ஆம்பியரை ஓடவிட்டால் சுவிட்ச் உருகும். பாசிட்டிவ் எர்த் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டும், இல்லையென்றால் டயோடுகள் ஒரே நொடியில் போகும்.

ஐடிலிங்: கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கிற நொடியில் 750லிருந்து 500க்கு விழுந்து இன்ஜின் உயிரை விடப் பார்க்கும். ஐடிலிங்கையே நிரந்தரமாக ஏற்றிவைத்தால் ஏசி போடாதபோது அலறும், பெட்ரோலும் தின்னும். கார்புரேட்டர் காலத்து ஏசி கார்களில் இதற்கு ஒரு சின்ன டப்பா இருந்தது. மேனிஃபோல்டு வேக்யூமில் இழுக்கும் டயாஃப்ரம், வழியில் ஒரு சொலினாய்டு வால்வு. கிளட்சுக்குக் கரன்ட் போகும்போது அதற்கும் போகும், த்ராட்டில் நெம்பை லேசாக இழுத்துப் பிடிக்கும். பழைய பாகக் கடையில் ஒன்று கிடைத்தது. ஏசி போட்டால் 900, நிறுத்தினால் 750. பாலம் ஏறும்போதும் முந்தும்போதும் கம்ப்ரசரைச் சற்று ஓய்வெடுக்க வைக்க ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன், 50 குதிரையில் மூன்று நாலு குதிரை போனால் ஓட்டுகிறவனுக்குத் தெரியும்.

கேஸ் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆர் 134ஏ. பழைய ஆர் 12 ஓசோனைத் தின்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகளும் 2010க்குள் நிறுத்தியாயிற்று. எங்காவது பழைய சிலிண்டர் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் வாங்காதீர்கள். 134ஏ கேஸுக்கு பேக் எண்ணெய்தான், பழைய மினரல் எண்ணெய் அதோடு கலக்காது. பேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பு மாதிரி இழுக்கும், திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள். முதல் முறை சிஸ்டம் திறந்தே தொங்கியதால், கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றினேன், நைட்ரஜன் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன், மறுநாள் முக்கால் மணி நேரம் வேக்யூம் இழுத்தேன். ட்ரையரில் அழுத்தச் சுவிட்ச் கட்டாயம். கேஸ் குறைந்தாலும் அழுத்தம் எகிறினாலும் கிளட்சை அதுவே விட்டுவிடும்.

அப்புறம் சூடு. கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. 230 பிஎஸ்ஐயில் ஆர் 134ஏ சுமார் 60 டிகிரியில்தான் திரவமாகும், அந்தச் சூட்டைத் தாண்டி வருகிற காற்றுதான் இனி ரேடியேட்டருக்குக் கிடைக்கிற காற்று. அம்பாசிடரின் ஃபேன் ரேடியேட்டரிலிருந்து தள்ளி நிற்கும், ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு) கிடையாது, ஐடிலிங்கில் அது பக்கவாட்டுக் காற்றைத்தான் கிளறிக்கொண்டிருக்கும். மெல்லிய தகட்டில் ஷ்ரவுட் செய்தேன். பழைய மூன்று வரிசை ரேடியேட்டரில் நாலு வரிசை கோர் போட்டேன். இந்த இரண்டில் எது அதிகம் உதவியது என்று கேட்டால் தகட்டு ஷ்ரவுட் என்பேன். 600 ரூபாய் தகடு.

இன்னொரு வேலையும் வந்தது. இரண்டாம் சோதனை ஓட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் வண்டி திக்கித் திக்கி நின்றது. பெட்ரோல் குழாய்க்கு ஒட்டினாற்போல கம்ப்ரசரின் டிஸ்சார்ஜ் ஹோஸ் போயிருக்கிறது, அது கை வைக்க முடியாத சூடு, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது. ஈரத்துணி சுற்றி அரைமணி நேரம் புளியமர நிழலில் நின்றோம். இந்த முறை அப்பா இறங்கி வந்து துணியைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஹோஸை நாலு விரல் தள்ளிக் கட்டினேன், அதன்பின் இல்லை.

உள்ளே வைத்தது டேஷுக்குக் கீழே தொங்கும் யூனிட். ஸ்டியரிங் கியர் வண்டி என்பதால் நடுவில் கியர் கம்பி இல்லை, யூனிட் காலை இடிக்காமல் நன்றாக உட்கார்ந்தது.

மே மாதம் வெளியே 39 டிகிரி இருந்த மதியம் அளந்தது: ஓட்டத்தில் நடு வென்ட்டில் 9 டிகிரி, சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் 15. லோ பக்கம் 32 பிஎஸ்ஐ, ஹை பக்கம் 225. இன்ஜின் சூடு, தெர்மோஸ்டாட் கூட்டில் அளந்தது, ஓட்டத்தில் 88 டிகிரி, நெரிசலில் 97. நெரிசலில் பின்சீட்டுக்குக் குளிர் போதாது, கூரைக்கு உள்ளே கனத்த ஃபெல்ட் ஒட்டினால் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன், இன்னும் செய்யவில்லை. மைலேஜ் ஒன்று அல்லது ஒன்றரை குறைகிறது.

செலவு, இரண்டாம் முறைக்கு மட்டும்: கம்ப்ரசர் 11,000, புல்லியும் பிராக்கெட்டும் லேத் கூலியோடு 9,500, ஆல்டர்னேட்டரும் ஒயரிங்கும் 8,000, ரேடியேட்டர் கோர் 7,500, கேஸும் ட்ரையரும் சில்லறையும் 5,000. முதல் முறை கொடுத்ததைச் சொல்லமாட்டேன், அம்மா இதைப் படிப்பார்.

எல்லா போல்ட் தலையிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன், போல்ட் தளர்ந்தால் கோடு விலகும். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒன்று நூலளவு விலகியிருந்தது, தெர்மோஸ்டாட் பக்க ஸ்டட்டின் நட்டு, கேஸ்கட் அமர்ந்ததால் இருக்கும். மறுபடி இறுக்கிப் புதுக் கோடு போட்டேன். இப்போது 6,200 ஓடியிருக்கிறது, எந்தக் கோடும் அசையவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பெல்ட் ஒரு முறை கீச்சென்கிறது, அது போகமாட்டேன் என்கிறது. போன வாரம் அப்பா வாசலில் ஹேண்டிலைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார், இரண்டாவதில் பிடித்துக்கொண்டது.